நல்ல வருஷம், கெட்ட வருஷம்: கிப்சன் கிதாரின் ‘தரம்’ பற்றி

கிதார் வாசிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சங்கீதத்தில் ஆரம்பித்து வருஷத்தில் வந்து நிற்கும். ‘அம்பத்தொம்பதா? அப்ப கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்.’ ‘எழுபத்தஞ்சா? விறகுப்பா அது, தோள்ல மாட்டவே முடியாது.’ பெண் பார்க்கப் போகிற இடத்தில் ஜாதகம் கேட்பதுபோல முதலில் சீரியல் எண்ணைக் கேட்பார்கள். எண்ணை வைத்து வருஷம், வருஷத்தை வைத்துத் தொழிற்சாலை, தொழிற்சாலையை வைத்துத் தரம். கையில் எடுத்து ஒரு தந்தியை மீட்டிப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

கிப்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ‘லெஸ் பால்’ மின்கிதார் விஷயத்தில் இந்த ஜாதகம் ஒரு முழு வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது. 1958 முதல் 1960 வரை பொற்காலம். 1969-இல் கம்பெனி கைமாறியதும் இருண்ட காலம். 1986-இல் புது முதலாளிகள் வந்ததும் மீட்சி. கேட்டுப் பழகின கதையாடல்தான். களப்பிரர் காலத்தை ‘இருண்ட காலம்’ என்று பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லிக்கொடுத்ததை நாம் கேள்வி கேட்டிருக்கிறோம். இருட்டு யாருக்கு, விளக்கை யார் அணைத்தது என்று கேட்டிருக்கிறோம். ஒரு மரக்கட்டையின் வரலாற்றிலும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

தேவாலயப் பாடகர் குழுவிலும் பிறகு கல்யாணக் கச்சேரிகளிலும் கிதார் வாசித்தவன் என்ற அளவில், கை என்ன சொல்கிறது என்பதில் எனக்கு மரியாதை உண்டு. எனவே கிப்சன் நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. வாசிக்கிற கை, செய்கிற கையின்மீது சொல்லும் தீர்ப்புக்குத்தான் ‘தரம்’ என்று பெயர். அந்தத் தீர்ப்பு எழுதப்பட்ட விதம், அதில் விட்டுப்போன சாட்சிகள் இவைதான் என் அக்கறை.

முதலில் கையின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘ஃபீல்’ என்ற சொல்லை நம்மூர்க் கிதார்க்காரர்களும் அப்படியேதான் சொல்கிறார்கள். ‘சவுண்டு இருக்கு, ஃபீல் இல்ல.’ இது வெறும் பிரமை, முதலாளித்துவம் ஊட்டின மயக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிடும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிதாரைத் தொட்டதில்லை என்று நினைக்கிறேன். லெஸ் பாலில் தந்தியின் அதிரும் நீளம் இருபத்து நாலே முக்கால் அங்குலம் என்று கணக்கு. போட்டிக் கம்பெனியான பெண்டரின் கிதார்களில் இருபத்தைந்தரை. ஒரே கனமுள்ள தந்தியை ஒரே சுதிக்கு ஏற்றினால் நீளம் குறைந்ததில் இழுவிசை குறையும். தந்தியை விரலால் வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது சுலபம். 1958-இல் செய்தவற்றின் கழுத்து உருண்டு திரண்டிருக்கும், 1960-இல் மெலிந்துவிட்டது. 1959-இல் அகலமான ஃப்ரெட் போட்டார்கள். மேற்பூச்சு நைட்ரோ லாக்கர். மெல்லிசு, வேர்வை பட்டுப் பட்டுத் தேயும், கீழே மரம் தெரியும். நாலு கிலோ தொங்குவதற்கும் ஐந்து கிலோ தொங்குவதற்கும் மூணு மணி நேரக் கச்சேரியில் தோளுக்கு வித்தியாசம் தெரியும். இதெல்லாம் பௌதிகம். கை பொய் சொல்லவில்லை. கை சொன்னதை வாய் எப்படி மொழிபெயர்க்கிறது என்பதில்தான் வில்லங்கம்.

கிப்சன் கம்பெனி 1902-இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரத்தில் தொடங்கியது. மாண்டலினைச் செதுக்கிச் செய்த ஆர்வில் கிப்சனின் பெயரை வைத்துக்கொண்டார்கள். 1950-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் தட்டையான பலகையை அறுத்து, கழுத்தைத் திருகாணி போட்டு முடுக்கி, மின்கிதார் என்று விற்க ஆரம்பித்தார். கலமசூவில் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு விற்பனையைப் பார்த்ததும் நின்றது. 1952-இல் லெஸ் பால் என்ற புகழ்பெற்ற வாசிப்பாளரின் பெயரில் கிப்சனும் கட்டைக் கிதார் கொண்டுவந்தது. மேற்பலகையை மேப்பிளில் வளைவாகச் செதுக்கினார்கள். கழுத்தைப் பசை போட்டு ஒட்டினார்கள். செதுக்கும் யந்திரம் பெண்டரிடம் இல்லை என்பது இதற்கு ஒரு காரணம் என்று அப்போது தலைவராயிருந்த டெட் மெக்கார்ட்டி பின்னாளில் சொன்னார். ஆக, இன்று ‘கைவினை மரபு’ என்று போற்றப்படும் அந்த வளைவு பிறந்ததே போட்டியாளனால் முடியாததைச் செய்வோம் என்ற வியாபார யோசனையிலும்தான்.

அந்த முதல் வருஷத்துக் கிதாரில் தந்திகள் பாலத்தின் அடியில் நுழைந்து வந்தன. உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கிறவர்களுக்கு இடமே இல்லை. கழுத்தின் சாய்வும் போதவில்லை. வாசிப்பாளர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் மாற்றினார்கள். பொற்காலத்துக் கைவினைஞர்களும் சொதப்பியிருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்வோம். வாசிக்கிறவர்களின் புகார் கேட்கப்பட்டது என்பதையும்.

1957-இல் சேத் லவர் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்கப் வந்தது. 1958-இல் தங்க நிறத்தை விட்டுவிட்டு மேப்பிளின் வரிகள் தெரியும்படி செம்மஞ்சள் சாயம். இதுதான் இன்று லட்சக்கணக்கான டாலருக்குப் போகும் கிதார். அன்று? விற்கவில்லை. மூணு வருஷத்தில் சுமார் ஆயிரத்து ஐந்நூறு செய்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பு. கனம் அதிகம், விலை அதிகம், பழைய தோற்றம் என்று ஆனதும் 1961-இல் அந்த உருவத்தையே கைவிட்டு மெல்லிசாக இரண்டு கொம்பு வைத்த வேறு கிதாருக்கு மாறினார்கள். பொற்காலம் நடந்துகொண்டிருந்தபோது அது பொற்காலம் என்று கடைக்காரருக்கும் தெரியாது, கலமசூவில் சாயம் அடித்தவருக்கும் தெரியாது.

தெரியவந்தது இங்கிலாந்தில். 1966-இல் ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் பதிவு செய்த இசைத்தட்டில் அந்தச் செம்மஞ்சள் கிதாரும் மார்ஷல் ஒலிபெருக்கியும் சேர்ந்து போட்ட சத்தம் வெள்ளைக்கார இளைஞர்களின் காதைத் திறந்தது. அமெரிக்காவில் மைக் ப்ளூம்பீல்டு வாசித்தார். கைவிடப்பட்ட மாடலைத் தேடிப் பழைய கடைகளுக்கு ஆள்கள் போனார்கள். 1968-இல் கம்பெனி மறுபடி செய்ய ஆரம்பித்தது. இந்தக் கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கொஞ்சம் பின்னால் போனால் வேறொரு கை தெரிகிறது. கிளாப்டன் ஏன் லெஸ் பாலைத் தேடினார்? ஃப்ரெடி கிங் என்ற கறுப்பு ப்ளூஸ் கலைஞரின் இசைத்தட்டு அட்டையில் அவர் கையில் தங்க நிற லெஸ் பால் இருந்ததைப் பார்த்துத்தான். இதைக் கிளாப்டனே சொல்லியிருக்கிறார். மடி வாட்டர்ஸும் தங்க நிற லெஸ் பால் வாசித்தவர். அவர்கள் கையில் இருந்தபோது அது ஒரு நல்ல கிதார், அவ்வளவுதான். வெள்ளை விரல்கள் வழியாகச் சுற்றிவந்த பிறகுதான் அது ‘புனிதக் கிண்ணம்’ ஆனது. அதிலும் வேடிக்கை, ஃப்ரெடி கிங்கின் கிதார் 1954 வாக்கில் வந்தது. ‘நல்ல வருஷம்’ என்ற பட்டியலில் அது இரண்டாம் வரிசை.

இனி இருண்ட காலம். 1969-இல் கிப்சனின் தாய்க் கம்பெனியை ஈக்வடாரில் மதுபானத் தொழில் நடத்திய ஒரு நிறுவனம் வாங்கியது. நார்ட்டன் ஸ்டீவன்ஸ், ஆர்னால்ட் பெர்லின் என்ற இருவரின் பெயர்களை ஒட்டி நார்லின் என்று பெயர் வைத்தார்கள். கிதார்க்காரர்களின் வாயில் ‘நார்லின்’ ஒரு வசவு. சும்மா சொல்லவில்லை. உடம்பை ஒரே மஹோகனிக் கட்டையாகச் செய்யாமல் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் தோசை அடுக்கின மாதிரி கோடு தெரியும். கனம் ஏறியது. சாயம் தடித்தது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லாமல் வந்தது. இதையெல்லாம் கை கண்டுபிடித்தது, சரியாகவே கண்டுபிடித்தது.

ஆனால் நார்லின் காலத்தின் அடையாளமாக எல்லோரும் சொல்லும் இன்னொன்று இருக்கிறது. கழுத்தும் தலையும் சேரும் இடத்தின் பின்பக்கம், காளையின் திமில் மாதிரி ஒரு சின்ன மேடு. அதை இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். லெஸ் பாலின் தலை பின்னால் பதினேழு டிகிரி சாய்ந்திருக்கும். ஒரே மரத்தில் வெட்டுவதால் சாயும் இடத்தில் மரத்தின் நார் குறுக்கே அறுபட்டுவிடும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை முறுக்குவதற்கு அதே இடத்தில்தான் குழி தோண்ட வேண்டும். ஆக, கிதாரிலேயே மெலிந்த இடம் அதுதான். தாங்கியிலிருந்து மல்லாக்க விழுந்தால் தலை போய்விடும். கிதார் ரிப்பேர் செய்யும் எந்த ஆசாரியைக் கேட்டாலும் கிப்சன் என்றதும் தன் கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார். 1960-களின் நடுவில் சாய்வைப் பதினாலு டிகிரியாகக் குறைத்தார்கள். நார்லின் வந்ததும் அந்தத் திமிலைச் சேர்த்தார்கள். கழுத்தை மூணு துண்டாக ஒட்டிச் செய்தார்கள். மூணுமே பலம் சேர்க்கும் காரியங்கள். வாசிப்பாளர்கள் மூணையுமே வெறுத்தார்கள். ‘விரல் இடிக்குது’ என்றார்கள். ‘அசல் இல்லை’ என்றார்கள். 1981 வாக்கில் திமில் போய்விட்டது. இன்று பெரிய விலைக்கு விற்கும் மறுபதிப்புகளில் பதினேழு டிகிரி திரும்ப வந்துவிட்டது. உடைகிற இடத்தையும் சேர்த்துத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பீட்டர் கிரீன் வாசித்து, பிறகு கேரி மூரிடம் போன 1959 லெஸ் பாலில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது என்பார்கள். இரண்டு பிக்கப்பும் சேரும்போது சத்தம் குழிவாய், மூக்கால் பாடுவதுபோல வரும். அது பிழை. அந்தப் பிழைதான் அந்தக் கிதாரின் ஆன்மா என்று போற்றப்படுகிறது; அதே சத்தம் வரும்படி பிக்கப்பை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. 1959-இன் பிழை குணம்; 1975-இன் பலம் குற்றம். ‘தரம்’ என்ற சொல் இங்கே பொருளின் பண்பைச் சொல்கிறதா, பரம்பரையைச் சொல்கிறதா?

நார்லின் 1970-களின் நடுவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் புதுத் தொழிற்சாலை திறந்தது. டென்னசியில் 1947-லிருந்தே ‘வேலை உரிமை’ச் சட்டம் உண்டு. பெயர் அழகாக இருக்கும். தொழிற்சங்கத்தின் காலை வாரிவிடும் சட்டம். மிச்சிகனில் அன்றைக்கு அப்படியொன்று கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக வேலை தெற்கே போனது. 1984-இல் கலமசூ பார்சன்ஸ் தெருத் தொழிற்சாலையை மூடினார்கள். ‘நார்லின் மோசம்’ என்கிற வாசிப்பாளர் பேச்சில் இந்த மூடல் வரும். ஆனால் ‘மரபு போச்சு’ என்ற சோகமாக வரும், வேலை போனவர்களாக வராது. அங்கே வேலை பார்த்த ஜிம் டர்லூ, மார்வ் லாம், ஜே.பி. மோட்ஸ் முதலியோர் தெற்கே போக மறுத்து, 1985-இல் அதே கட்டடத்தின் ஒரு பகுதியில் பழைய யந்திரங்களை வாங்கிப் போட்டு ஹெரிட்டேஜ் என்ற பெயரில் கிதார் செய்ய ஆரம்பித்தார்கள். அதே தெரு, அதே யந்திரம், அதே கைகள். தரம் என்பது கையில் இருந்தால் சந்தை அவர்கள் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. தலையில் ‘கிப்சன்’ என்று எழுதியிருக்கவில்லை, அதுதான்.

தலைன்னா சும்மாவா? ஜப்பானியக் கம்பெனிகள் 1970-களில் லெஸ் பாலை அச்சு அசலாகச் செய்து இறக்கின. அவற்றில் சில நார்லின் கிதாரைவிட நன்றாயிருக்கின்றன என்று வாசிப்பாளர்களே பேச ஆரம்பித்தார்கள். 1977-இல் நார்லின் ஐபனேஸ் கிதார்களின் அமெரிக்க விநியோகஸ்தர்மேல் பிலடெல்பியாவில் வழக்குப் போட்டது. எதைப் பற்றி? மரம், சத்தம், கழுத்து எதைப் பற்றியும் இல்லை. தலையின் வெளிக்கோடு எங்களுடையது என்று. சமரசத்தில் முடிந்தது. பிறகு பால் ரீட் ஸ்மித் கம்பெனியின்மேல் உடம்பின் உருவத்துக்காக ஒரு வழக்கு. கடையில் வாங்கும்போது யாரும் குழம்ப மாட்டார்கள் என்று கிப்சனே ஒத்துக்கொண்டது. ஆனால் புகை மண்டிய மதுக்கடையில் தூரத்து மேடையில் பார்க்கிறவன் குழம்பலாமே என்று வாதாடியது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ‘ஃபீல்’ பற்றி ஊரெல்லாம் பேச்சு. கம்பெனி காப்பாற்றப் பார்த்தது தூரத்திலிருந்து தெரியும் நிழலுருவத்தை. குறியின் அரசியல் என்று நாம் தியரியில் பேசுவதை இதைவிடத் தெளிவாக ஒரு வக்கீல் சொல்ல முடியாது. நம் பக்கத்தில், வெளிநாட்டுக் கிதார் கண்ணில் படாத காலத்தில், மெல்லிசைக் குழுக்காரர்கள் வாசித்த கல்கத்தா கிதார்களில் ‘கிவ்சன்’ என்ற பெயர் உண்டு. ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்குள் எவ்வளவு ஏக்கம் இருந்தது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டினது வேறொரு சங்கதி. 1942-இல் அமெரிக்கா போருக்குள் வந்ததும் இசைக்கருவிகளில் உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்று அரசாங்கம் வரம்பு போட்டது. ஆண்கள் ராணுவத்துக்குப் போனார்கள். கிப்சன் தொழிற்சாலை போர்த் தளவாட உதிரிகள் செய்தது. கம்பெனி தானே சொல்லிவந்த வரலாற்றில், அந்த வருஷங்களில் கிதார் வேலை கிட்டத்தட்ட நின்றுபோனது, மிச்சம் மீதியை முடித்தது வயசான கைவினைஞர்கள். ஆனால் அந்தக் காலத்துக் கிதார்கள் சந்தையில் நிறையவே கிடைக்கின்றன. மின்கிதார் இல்லை, மரக்கிதார். தலையில் தங்க நிறத்தில் ஒரு பட்டை. ‘கிப்சன் மட்டுமே போதுமான தரம்’ என்ற பொருளில் ஒரு வாசகம். இவற்றை வாசிக்கிறவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர், கிதார் பித்தரும்கூட, அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றைப் பார்த்தார். பார்சன்ஸ் தெருத் தொழிற்சாலை வாசலில் அறுபது எழுபது பேர் வரிசையாக நிற்கிறார்கள். எல்லாரும் பெண்கள். யார் இவர்கள் என்று தேடிப் போனார். உயிரோடிருந்தவர்களில் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடித்துப் பேசினார். கப்பலேற்றிய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார். நின்றுபோனதாகச் சொன்ன வருஷங்களில் ஏறக்குறைய 25,000 கருவிகள் வெளியே போயிருந்தன. போர்க்காலக் கிதார்களையும் முன்பின் வருஷத்துக் கிதார்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பெண்கள் செய்தவற்றின் உள்கட்டைகள் இன்னும் மெல்லிசாக, இன்னும் நேர்த்தியாக இழைக்கப்பட்டிருந்தன. 2012-இல் ‘கலமசூ கேல்ஸ்’ என்று புத்தகமாக எழுதினார்.

இதில் என்னை உலுக்கியது ‘பெண்களும் நல்ல கிதார் செய்தார்கள்’ என்ற கண்டுபிடிப்பு இல்லை. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வாசிக்கிற கைக்கு எழுபது வருஷமாக இது தெரிந்திருந்தது. ‘இந்த வருஷத்துக் கிதாரில் ஏதோ இருக்கு’ என்று கை சொல்லிக்கொண்டே இருந்தது. வாய் அதை ‘பழைய மரம்’, ‘போருக்கு முந்தின மரபு’, ‘அந்தக் காலத்துக் கைவினைஞன்’ என்று மொழிபெயர்த்தது. கைவினைஞன் என்றால் மேலங்கி போட்ட, மூக்குக் கண்ணாடி வைத்த கிழவர். அந்தப் பிம்பத்துக்குள் இருபது வயசுப் பெண் நுழைய முடியவில்லை. கம்பெனி ஏன் மறைத்தது? பெண் செய்த கிதாருக்கு முழு விலை கேட்க முடியாது என்ற பயம்தான் என்று நான் நினைக்கிறேன். போர் முடிந்து ஆண்கள் திரும்பினதும் அந்தப் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தலையில் இருந்த தங்கப் பட்டையும் போனது. சரக்குக்குள் உழைப்பு மறைந்துபோவதைப் பற்றி மார்க்ஸ் எழுதியதை நாம் பொதுவாகவே படித்துப் பழகிவிட்டோம். மறைக்கப்படும் உழைப்புக்குப் பாலும் நிறமும் உண்டு.

பெண்டர் கம்பெனியில் வேறு மாதிரி நடந்தது. 1950-களில் கழுத்து இழைத்த ததேயோ கோமெஸ் என்ற தொழிலாளி, கழுத்தின் அடியில் பென்சிலால் தன் பெயரின் இரண்டு எழுத்தைக் கிறுக்கி வைப்பார். கழுத்தைக் கழற்றினால்தான் தெரியும். இன்று அந்த எழுத்து இருந்தால் விலை ஏறும். 1956-இல் வேலைக்குச் சேர்ந்து பிக்கப்புக்குக் கம்பி சுற்றின அபிகேல் இபாராவைப் பல பத்தாண்டுகள் கழித்துச் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். அவர் சுற்றின பிக்கப்பில் அவர் பெயரின் எழுத்துகளோடு தனி விலை. கை பெயர் பெறுவதும் இப்படித்தான் நடக்கிறது. கூலியாக இல்லை, முத்திரையாக.

கம்பெனியும் இதைப் புரிந்துகொண்டுவிட்டது. 2015-இல் பெரும்பாலான கிதார்களுக்குத் தானாகச் சுதி சேர்க்கும் மோட்டார் வைத்து, கழுத்தை அகலமாக்கி, விலையையும் ஏற்றிப் பார்த்தது; வாசிப்பாளர்கள் கழுவி ஊற்றினார்கள்; அடுத்த வருஷமே பின்வாங்கியது. அதன்பின் போன திசை பழமை. 2018 மே மாதம் திவால் மனு கொடுத்து, கடன்காரர்கள் கைக்குப் போய் மீண்ட கிப்சன், 2021-இல் ‘மர்பி லேப்’ என்று ஒரு பிரிவைத் தொடங்கியது. அங்கே புதுக் கிதாரைப் பழசாக்குகிறார்கள். லாக்கரில் வெடிப்பு வரவைக்கிறார்கள், முழங்கை படும் இடத்தில் சாயத்தைத் தேய்க்கிறார்கள், உலோகத்தை மங்க வைக்கிறார்கள். அறுபது வருஷம் ஒருவர் வாசித்துத் தேய்ந்த தேய்மானத்தைச் சம்பளத்துக்கு ஒரு தொழிலாளி சில நாளில் செய்து கொடுக்கிறார். அசலின் ஒளிவட்டம் நகலில் உதிர்ந்துவிடும் என்றார் பென்யமின். ஒளிவட்டத்தையே நேரக்கணக்கில் உற்பத்தி செய்யலாம் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மரத்துக்கு வருகிறேன். 1959 கிதாரின் விரல்பலகை பிரேசில் தோதகத்தி. 1960-களின் பிற்பாதியில் பிரேசில் மரக்கட்டை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் கிதார்க் கம்பெனிகள் இந்தியத் தோதகத்திக்கு மாறின. 1992-இல் பிரேசில் மரத்தின் சர்வதேச வியாபாரமே தடைசெய்யப்பட்டது. அன்றிலிருந்து ‘பிரேசிலியன்’ என்றால் அசல், ‘இந்தியன்’ என்றால் பதிலி. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஈட்டி என்று சொல்கிறோமே, அதே மரம்தான் இந்த இரண்டாந்தரம். 1994-இல் அதைக் காப்பாற்றத் தமிழ்நாடு தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு வேறு மரம், மற்றதெல்லாம் ஒன்று என்று ஆறு மரக்கிதார்கள். பிரேசில் தோதகத்தி, இந்தியத் தோதகத்தி, மஹோகனி, மேப்பிள், சபேலே, வால்நட். மங்கின வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு 52 பேர் வாசித்துப் பார்த்தார்கள். ஆறுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். வாசிப்புச் சுகத்துக்கும் அப்படியே. மின்கிதாருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, சரி. ஆனால் கண்ணை மறைத்ததும் வம்சாவளி மறைந்துபோனது.

2008-இல் அமெரிக்கா தன் பழைய லேசி சட்டத்தை மரத்துக்கும் நீட்டியது. பிற நாட்டுச் சட்டத்தை மீறி வெட்டின மரத்தை அமெரிக்காவுக்குள் கொண்டுவந்தாலும் குற்றம். 2009 நவம்பரில் மடகாஸ்கர் கருங்காலிக்காகக் கிப்சனில் சோதனை. 2011 ஆகஸ்ட் 24-இல் இந்திய மரத்துக்காக நாஷ்வில்லிலும் மெம்பிஸிலும் சோதனை. இந்தியச் சட்டப்படி வேலை முடிந்த விரல்பலகை வெளியே போகலாம், அறுத்த பலகை போகக் கூடாது. வந்தது இதுவா அதுவா என்பது வழக்கு. உடனே கம்பெனித் தலைவர் ஹென்றி ஜஸ்கிவிச் பேசினார்: இந்தியத் தொழிலாளி கையால் வேலை முடிந்து வந்திருந்தால் குற்றமில்லையாம், அமெரிக்கத் தொழிலாளி முடித்தால் குற்றமாம்! வலதுசாரி டீ பார்ட்டிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். எந்தக் கை இழைத்தது என்பதை நூறு வருஷமாகப் பேசாத கம்பெனி, முதல் தடவையாகக் கைகளைப் பற்றிப் பேசியது. ஒரு நாட்டுக் கையை இன்னொரு நாட்டுக் கைக்கு எதிராக நிறுத்துவதற்கு. மரத்தை வெட்டுகிற நாட்டிலேயே கொஞ்சம் கூலி நிற்கட்டும் என்பதுதான் அந்த விதியின் பலன் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை.

2012 ஆகஸ்டில் சமரசம். மூணு லட்சம் டாலர் தண்டம், அரசு சார்ந்த வனவிலங்கு நிதிக்கு 50,000 டாலர். மடகாஸ்கர் மரத்தின்மேல் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். இந்திய மரம் திரும்பி வந்தது. 2013-இல் அந்த மரத்தை விரல்பலகையாக வைத்து ‘கவர்ன்மென்ட் சீரீஸ்’ என்று கிதார் விட்டது கிப்சன். சோதனை போட்ட அரசாங்கத்தைக் கிண்டல் செய்யும் முத்திரையும் சான்றிதழும் உண்டு. லெஸ் பால், எஸ்ஜி என்று பல மாடல்கள், எல்லாம் ஒரே நிறத்தில். அந்த நிறத்துக்கு ‘அரசாங்கப் பழுப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.